ஓடாத குதிரைக்கு என்ன விலை?

கடைக்கு வரும் சரக்கு எதுவானாலும் அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே நாம் விலை பேசுகிறோம். துவரம்பருப்பைப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்கிறோம். புளியைப் பிட்டு, கொட்டை எவ்வளவு, நார் எவ்வளவு என்று பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் மூட்டையின் அடியில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்கிறோம்.

ஆனால் ஒரு முறைகூட வேலை வாங்கிப் பார்க்காத சரக்கை, ஒரு தாளைப் படித்துவிட்டு, பல்லாயிரம் டாலர் கொடுத்து வாங்கும் சந்தை ஒன்று உலகில் இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் அக்டோபர் மாதத்திலும், ஹாரிஸ்பர்க் ஏலம் என்று பெயர் பெற்ற விற்பனையில் நவம்பர் மாதத்திலும் வண்டிப் பந்தயக் குதிரைக் குட்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. குட்டிகளின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. எந்தக் குட்டியும் ஒரு பந்தயம்கூட ஓடியதில்லை. முதுகில் சேணமும் பின்னால் வண்டியும் பூட்டிப் பழக்குவதே பெரும்பாலும் வாங்கியவர் வீட்டில்தான் நடக்கும். அப்படியானால் விலையை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? பட்டியல் புத்தகத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒதுக்கப்பட்ட ஒரு பக்கத்தை வைத்துத்தான் முதல் கணக்கு போடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தைப் படிப்பது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும்படி யாருக்கும் நாம் ஆலோசனை கூறவில்லை. அந்தப் பழக்கத்தால் கல்லாப்பெட்டி காலியான கதைகளை நம் வணிகர்கள் நிறையவே அறிவார்கள். நாம் பேசுவது கொள்முதலைப் பற்றி. விற்பவர் எழுதிக் கொடுத்த தாளை வாங்குபவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பது மளிகைக் கடைக்காரருக்கும் அன்றாடம் தேவைப்படும் பாடம்.

எந்தப் பந்தயம், எந்தக் குதிரை?

முதுகில் ஆள் ஏறி ஓட்டும் பந்தயம் ஒரு வகை. நாம் சொல்வது அதுவல்ல. இதில் குதிரைக்குப் பின்னால் நமது ரேக்ளா வண்டியைப் போன்ற, இரண்டு சக்கரமுள்ள மிக இலேசான வண்டி பூட்டப்படும். அதற்கு சல்க்கி என்று பெயர். ஓட்டுபவர் அதில் அமர்ந்து கடிவாளத்தைப் பிடித்திருப்பார். பந்தய தூரம் பெரும்பாலும் ஒரு மைல்.

இந்தக் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது என்பது முக்கிய விதி. இரண்டு நடைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து எழுந்தால் அது ‘ட்ராட்’. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழுந்தால் அது ‘பேஸ்’. நடை தவறிப் பாய்ச்சலில் விழுந்தால், ஓட்டுபவர் குதிரையை இழுத்துப் பிடித்து மறுபடி நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றவை முன்னே போய்விடும்.

இக்குதிரை இனத்துக்கு ஸ்டாண்டர்டுபிரெட் என்று பெயர். ஸ்டாண்டர்டு என்றால் தர அளவு. 1879ஆம் ஆண்டில் அமெரிக்க வளர்ப்பாளர்கள் சங்கம் ஒரு தர அளவை வகுத்தது. ட்ராட் நடையில் ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் கடக்கும் குதிரை, அல்லது அப்படிப்பட்ட வாரிசுகளைத் தந்த குதிரை, பதிவேட்டில் இடம் பெறலாம் என்பது அதன் சாரம். பிறந்த குலத்தால் மட்டுமின்றிக் கடிகாரத்தாலும் பெயர் பெற்ற இனம் இது.

நேரத்தைப் படிக்கும் முறை

பட்டியலில் ஒரு தாய்க்குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் ‘பி,3,1:51.3எஃப் (2,10,000 டாலர்)’ என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சிட்டையில் எழுதும் சுருக்கெழுத்தைப் போன்றதுதான் இது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

‘பி’ என்பது பேஸ் நடை. எதுவும் போடாமல் இருந்தால் ட்ராட் நடை. அடுத்து வரும் 3 என்பது வயது. மூன்று வயதில் இந்த நேரத்தை எட்டியது என்று பொருள்.

1:51.3 என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் மூன்று அல்ல, ஐந்தில் மூன்று. ஒரு நிமிடம் ஐம்பத்தோரு விநாடியும் மேலே ஐந்தில் மூன்று பங்கும் ஆகும். ஆகவே 1:51.4க்கு அடுத்தது 1:52தான். ஐந்தில் ஒரு விநாடி என்பது ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு குதிரையின் நீளத்துக்குச் சமம் என்று கணக்குப் போடுவார்கள். படியையும் லிட்டரையும் ஒன்றென்று நினைப்பவர் எப்படி நஷ்டப்படுவாரோ, அப்படித்தான் இந்தப் புள்ளியைத் தவறாகப் படிப்பவரும்.

கடைசியில் வரும் ‘எஃப்’ என்பது ஓடிய தடத்தின் அளவு. எட்டில் ஐந்து பங்கு மைல் சுற்றளவுள்ள தடம் என்பது இதன் பொருள். ‘எச்’ என்று இருந்தால் அரை மைல் தடம். எழுத்தே இல்லாவிட்டால் ஒரு மைல் தடம். ஒரு மைல் ஓட்டத்துக்கு அரை மைல் தடத்தில் நான்கு வளைவுகள், ஒரு மைல் தடத்தில் இரண்டே வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறையும். ஆகவே ‘எச்’ குறியுள்ள 1:54, குறியில்லாத 1:54ஐ விட உயர்ந்த சரக்கு.

சில இடங்களில் நேரத்துக்கு முன்னால் ‘கியூ’ என்ற எழுத்து இருக்கும். அது தகுதிச் சுற்றில் எடுத்த நேரம். தகுதிச் சுற்றில் பரிசுப் பணம் இல்லை. குதிரை நடை தவறாமல், குறித்த வேகத்தில் ஓடுமா என்று அதிகாரிகள் பார்க்கும் சோதனை ஓட்டம் அது. பெயருக்குப் பக்கத்தில் ‘கியூ’ மட்டுமே இருந்தால், அந்தக் குதிரை பரிசுப் பணம் உள்ள பந்தயம் எதிலும் வென்றதில்லை என்பது குறிப்பு. இரண்டாவதாக வந்த குதிரை எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நேரம் அதன் சாதனையாகப் பதிவாவதில்லை. வென்றால்தான் பதிவு.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1892இல் காற்றடைத்த சைக்கிள் சக்கரங்கள் வண்டிக்கு வந்த ஆண்டில், நான்சி ஹாங்க்ஸ் என்ற பெண் குதிரை 2:04 நேரத்தில் ஓடியதை நாடே வியந்தது. ஸ்டார் பாயிண்டர் 1897இல் முதன்முதலாக இரண்டு நிமிடத்துக்குள் மைலைக் கடந்தது. நையட்ராஸ் 1980இல் கடிகாரத்தோடு போட்டியிட்ட தனி ஓட்டத்தில் 1:49.1 என்ற நேரத்தை எட்டியது. புல்டாக் ஹானோவர் 2022 ஜூலையில் நியூ ஜெர்ஸியின் மெடோலாண்ட்ஸ் தடத்தில் 1:45.4இல் ஓடியது. தடம், வண்டி, பயிற்சி, வளர்ப்பு எல்லாம் மாறிவிட்டன. ஆகவே பாட்டிக் குதிரை 1985இல் எடுத்த 1:57ஐயும் பேத்தி 2020இல் எடுத்த 1:57ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பாட்டியின் நேரம் அன்றைக்கு மதிப்புள்ளது. பேத்தியின் நேரம் இன்றைக்குச் சாதாரணம்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் பணம்

அடுத்து, அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் டாலர். குதிரை வாழ்நாளில் சம்பாதித்த பரிசுப் பணம் அது. இங்கே நம் வணிகர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அது மொத்த வரவு, லாபம் அல்ல.

பந்தயப் பரிசைப் பெரும்பாலும் முதல் ஐந்து குதிரைகளுக்கு 50, 25, 12, 8, 5 சதவீதம் என்று பிரிக்கிறார்கள். பரிசு 10,000 டாலர் என்றால் முதல் குதிரைக்கு 5,000, இரண்டாவதுக்கு 2,500, மூன்றாவதுக்கு 1,200, நான்காவதுக்கு 800, ஐந்தாவதுக்கு 500. ஆறாவதாக வந்தால் அன்றைய செலவு கைப்பணம். வாங்கும் பரிசிலும் பயிற்சியாளருக்கு 5 சதவீதம், ஓட்டுபவருக்கு 5 சதவீதம் வழக்கமாகப் போய்விடும். மீதியில்தான் மாதாமாதம் பயிற்சிக் கட்டணம், தீவனம், லாடம், மருத்துவர், வண்டி வாடகை, பெரிய பந்தயங்களுக்கு முன்கூட்டியே கட்டும் தவணைகள் எல்லாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். 40,000 டாலருக்கு வாங்கிய குட்டி மொத்தம் 40,000 டாலர் சம்பாதித்தால், முதல் திரும்பிவிட்டது என்று பக்கம் சொல்லும். ஆனால் பத்து சதவீதம் கழிந்து கைக்கு வருவது 36,000. அக்டோபரில் வாங்கிய குட்டி மறு ஆண்டு கோடையில்தான் முதல் பந்தயம் ஓடும். அதுவரை எட்டு ஒன்பது மாதச் செலவு முழுவதும் உரிமையாளர் கையிலிருந்துதான். அதையும் கழித்தால் இது நஷ்ட வியாபாரம்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டத்தில் இருந்த கடை ஒன்றைச் சரக்கோடும் வாடிக்கையோடும் விலைக்கு வாங்கினார். விற்றவர் தினசரி விற்பனை நோட்டைக் காட்டினார். அதிலிருந்த ஒரு எண்ணும் பொய் இல்லை. ஆனால் விற்பனையில் பாதி கடன் விற்பனை என்பதும், அந்தக் கடனில் பெரும்பகுதி வசூலாகவில்லை என்பதும் வேறு நோட்டில் இருந்தது. அந்த நோட்டை அவர் கேட்கவில்லை, விற்றவரும் காட்டவில்லை. மூன்று ஆண்டுகள் மனைவியின் நகையை அடகு வைத்துக் கடையை ஓட்டினார். அடைப்புக்குறிக்குள் இருக்கும் டாலரைப் பார்க்கும்போது நமக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது.

தாய் வழியே உறவு

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நம்மவர் சொல்வார்கள். குதிரைப் பட்டியலும் இதே முறையில்தான் எழுதப்படுகிறது. பக்கத்தின் மேல்பகுதியில் தந்தை, தாய், அவர்களின் பெற்றோர் என்று வம்ச மரம் இருக்கும். அதற்குக் கீழே ‘முதல் தாய்’, ‘இரண்டாம் தாய்’, ‘மூன்றாம் தாய்’ என்று வரிசையாகக் குறிப்புகள் வரும். முதல் தாய் என்றால் குட்டியின் அம்மா. இரண்டாம் தாய் என்றால் அம்மாவின் அம்மா. ஒவ்வொரு தாயின் கீழும் அவளுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவற்றின் நேரம், வரவு எல்லாம் அச்சாகும்.

குதிரை உலகில் உடன்பிறப்பு என்றால் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை மட்டுமே. தந்தை ஒன்றாக இருந்து தாய் வேறாக இருந்தால் உறவு சொல்வதில்லை. காரணம் எளிது. பெண் குதிரை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். பொலிகுதிரைக்கோ செயற்கைக் கருவூட்டல் முறையில் ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கும். இது எல்லை மீறிப் போகவே, அமெரிக்க ட்ராட்டிங் சங்கம் புதிதாக வரும் பொலிகுதிரைகளுக்கு ஆண்டுக்கு 140 பெண் குதிரைகள் என்று 2009 முதல் வரம்பு கட்டியது. ஒரே தந்தைக்கு நூறு குட்டிகள் இருக்கும்போது, அந்தத் தந்தையின் மகன் ஒருவன் சாம்பியன் என்பது மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் பெரிய சிபாரிசு ஆகாது. ஒரே தாயின் ஐந்து பிள்ளைகளில் நான்கு நன்றாக ஓடின என்றால் அது கனமான சாட்சி.

இன்னொரு செய்தியும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1849இல் பிறந்த ஹாம்பில்டோனியன் என்ற குதிரையே இவ்வினத்தின் மூலபுருஷன். பண்ணைக் கூலியாள் வில்லியம் ரிஸ்டிக் என்பவர், நொண்டித் தாயையும் பால்குடிக் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கினார். அந்தக் குட்டி பொதுப் பந்தயம் எதிலும் ஓடவில்லை. ஆனால் அதற்கு 1,300க்கும் மேற்பட்ட வாரிசுகள் பிறந்தன. இன்று ஓடும் ஸ்டாண்டர்டுபிரெட் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் வழித்தோன்றல்கள்தாம். ஆகவே யாராவது ‘இது ஹாம்பில்டோனியன் வம்சம்’ என்று பெருமை பேசினால் அதற்குத் தனி விலை கிடையாது. எல்லாக் கடையிலும் இருக்கும் சரக்குக்கு யாரும் கூடுதல் காசு கொடுப்பதில்லை.

ஒரு பக்கத்தைப் படித்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக நாமே கற்பனையாக ஒரு பக்கத்தை எழுதிப் பார்ப்போம்.

எண் 214. பெண் குட்டி. பிறப்பு மே 20.
தந்தை: பி,3,1:49.1 (11,00,000 டாலர்).
முதல் தாய்: பி,3,கியூ1:58.2எஃப் (4,350 டாலர்). ஓடும் வயதுக் குட்டிகள் நான்கு. அவற்றுள் ஒன்று பி,2,1:57.1எச் (18,200 டாலர்).
இரண்டாம் தாய்: பி,4,1:55 (96,000 டாலர்). ஏழு குட்டிகளில் ஐந்து வெற்றி பெற்றவை.
மூன்றாம் தாய்: இவளுடைய மகன் பி,3,1:50.2 (8,12,000 டாலர்). இவளுடைய மற்றொரு மகளின் மகன் பி,4,1:48.3 (14,00,000 டாலர்). மேலும் பலர்.

மேலோட்டமாகப் பார்த்தால் பக்கம் முழுக்க லட்சங்கள். இப்போது மேலிருந்து மெதுவாகப் படிப்போம்.

குட்டி மே 20இல் பிறந்திருக்கிறது. இக்குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி முதல் தேதிதான் கணக்குப் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் மேயில் பிறந்ததும் ஒரே வயதாகக் கருதப்பட்டு ஒரே பந்தயத்தில் ஓட வேண்டும். இந்தக் குட்டி நான்கு மாதம் இளையது. ஏலத்தன்று சிறியதாகத் தெரிந்தால் அதற்கு இது ஒரு காரணம். குறை என்று முடிவு கட்டவும் வேண்டாம், கவனிக்காமல் விடவும் வேண்டாம்.

தாய் வென்றது தகுதிச் சுற்றில் மட்டும். ஓடும் வயதுக் குட்டிகள் நான்கில் ஒன்றின் பெயர்தான் வந்திருக்கிறது. மற்ற மூன்றும் எங்கே? பக்கம் பேசவில்லை. நன்றாக ஓடியிருந்தால் சொல்லாமல் விட்டிருப்பார்களா?

பெரிய தொகை 14 லட்சம் டாலர். அதைச் சம்பாதித்தது யார்? மூன்றாம் தாயின் மற்றொரு மகளின் மகன். நம் முறையில் சொன்னால், குட்டியின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையின் வேலையைச் சொல்லாமல், ‘பையனுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் கலெக்டர்’ என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? பக்கத்தின் நீளம் எல்லாக் குட்டிக்கும் ஒன்றுதான். அம்மாவைப் பற்றிச் சொல்ல விஷயம் இருந்தால் மேல் பாதியிலேயே இடம் நிரம்பிவிடும். இல்லாவிட்டால் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை என்று தேடிப்போய் நிரப்புவார்கள். அது பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாவின் வாசனை. வாசனை உண்மைதான். குழம்புக்கு உதவாது.

ஆகவே பழகிய வாங்குபவர் பக்கத்தில் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மேலிருந்து எத்தனையாவது வரியில் முதல் நல்ல எண் வருகிறது என்றுதான் பார்க்கிறார்.

பக்கத்தில் இல்லாதவை

காகிதம் ஒரு வகையில் நம்பகமானது. அமெரிக்க ட்ராட்டிங் சங்கம் பந்தய முடிவுகளையும் வம்சத்தையும் பதிவு செய்து வைக்கிறது. தாய் தந்தை யார் என்பது மரபணுச் சோதனையால் உறுதி செய்யப்படுகிறது. குதிரையை அடையாளம் காணக் கழுத்தில் குளிர்முத்திரை இடும் வழக்கம் இருந்தது. இப்போது மைக்ரோசிப் வந்துவிட்டது. ஆகவே பக்கத்தில் பொய் எழுதுவது கடினம். எதை எழுதுவது, எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம்.

குட்டியின் கால் கோணலா, முட்டி நேராக இருக்கிறதா, மூட்டில் எலும்புத் துணுக்கு உண்டா, நடக்கும்போது ஒரு குளம்பு மற்றொன்றில் இடிக்கிறதா என்பது பக்கத்தில் இராது. அதற்குத்தான் வாங்குபவர்கள் ஏலத்துக்கு முன்பே லாயம் லாயமாகச் சுற்றுகிறார்கள். குட்டியை நடக்கவிட்டு முன்னாலும் பின்னாலும் நின்று பார்க்கிறார்கள். கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுகிறார்கள். இப்போது குட்டி ஓடும் படத்தை விற்பவர்களே எடுத்துக் காட்டுவதும் உண்டு. ஏலக்காரரின் சுத்தியல் விழுந்துவிட்டால் பொறுப்பு பொதுவாக வாங்கியவருடையது. விழுவதற்கு முன்னால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சட்டமும் அரசுக் கொள்கையும் மாறுமா என்பதும் பக்கத்தில் இராது. பல மாநிலங்களில் அந்தந்த மாநிலத்தில் நிறுத்தப்பட்ட பொலிகுதிரைகளின் வாரிசுகளுக்கென்றே தனிப் பந்தயங்கள் உண்டு. நியூயார்க்குக்குத் தகுதி உள்ள குட்டி அங்கேதான் அந்தப் பரிசுக்குப் போட்டியிட முடியும். ஆகவே குட்டியை வாங்கும்போது ஒரு மாநிலத்தின் பரிசுப் பணத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1998 முதல் பந்தய மைதானங்களில் வைத்த சூதாட்ட இயந்திரங்களின் வருமானத்தில் ஒரு பங்கு பரிசுப் பணத்துக்கு வந்தது. அதை நம்பிப் பண்ணைகள் பெருகின. 2012 மார்ச்சில் அந்த ஏற்பாட்டை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2013 மார்ச் 31உடன் நிறுத்தியும் விட்டது. குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். அறிவிப்பு வந்தபோது பல தாய்களின் வயிற்றில் குட்டி இருந்தது. முந்தைய ஆண்டு பிறந்தவை விற்பனைக்கு வளர்ந்துகொண்டிருந்தன. தாய் அதே தாய், தந்தை அதே தந்தை, பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விலை மட்டும் சரிந்தது. பல வளர்ப்பாளர்கள் தொழிலையே விட்டார்கள். ஒரே அரசாணையால் கையிருப்பு மதிப்பிழப்பது எப்படி இருக்கும் என்று நம் வணிகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

விலையும் விளைவும்

2018 அக்டோபரில் லெக்சிங்டன் ஏலத்தில் மேவரிக் என்ற ட்ராட் நடை ஆண் குட்டி 11 லட்சம் டாலருக்குப் போனது. பயிற்சியாளர், ஓட்டுபவர் பங்கு போக அந்த முதலை மட்டும் திரும்ப எடுக்க வேண்டுமானால்கூட, அக்குட்டி 12 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வெல்ல வேண்டும். அவ்வளவு விலை கொடுப்பவர்கள் பரிசை மட்டும் நம்பிக் கொடுப்பதில்லை. பின்னாளில் பொலிகுதிரையாக நிறுத்திக் கட்டணம் வாங்கலாம் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

அதே லெக்சிங்டனில் 2006இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து 40,000 டாலருக்கு ஓர் ஆண் குட்டியை வாங்கினார்கள். சம்பீச்சம்வேர் என்ற அக்குதிரை 21 பந்தயங்களில் ஓடி 20இல் வென்றது. 32 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. 2018இல் அது இறந்தபோது அதன் பெயர், மற்ற குட்டிகளின் பக்கங்களில் தந்தை என்ற இடத்தில் விலையை ஏற்றும் பெயராகியிருந்தது. மேலே சொன்ன புல்டாக் ஹானோவரும் 2019 ஹாரிஸ்பர்க் ஏலத்தில் 28,000 டாலருக்கு விலைபோன குட்டிதான். ஹானோவர் என்ற பின்பெயர் பென்சில்வேனியாவில் காலணிக் கம்பெனி உரிமையாளர்கள் 1926இல் தொடங்கிய பண்ணையைக் குறிக்கும். செருப்பு வியாபாரிகள் தொடங்கிய தொழில் குதிரை உலகில் முத்திரைப் பெயரானது நம் வணிகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் மலிவாக வாங்குவதே புத்திசாலித்தனம்’ என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 40,000 டாலருக்கு வாங்கி வென்ற குதிரையின் கதை நம் காதுக்கு வருகிறது. அதே விலைக்கு வாங்கிப் பயிற்சியிலேயே கால் நொண்டி, ஒரு பந்தயமும் காணாமல் போன குட்டிகளின் கதையை யாரும் அச்சிடுவதில்லை. பட்டியல் பக்கம் எப்படித் தோற்றவற்றை விட்டுவிட்டு வென்றவற்றை மட்டும் சொல்கிறதோ, அப்படித்தான் வெற்றிக் கதைகளும். அந்த நண்பர்கள் வாங்கியது ஒரே ஒரு காகிதத்தை நம்பி அல்ல. வாங்கும் முன் குட்டியைப் பார்த்தார்கள். தாங்கக்கூடிய தொகையைக் கூட்டாகப் போட்டார்கள். நஷ்டம் வந்தாலும் ஒருவர் வீடு மூழ்கியிருக்காது.

இதுதான் குதிரைச் சந்தையில் நாம் கற்றுக்கொள்வது. நாளை உங்கள் கடைக்கு ஒருவர் வழவழப்பான தாளில் அச்சடித்த ஏஜென்சித் திட்டத்தோடு வரலாம். ஓட்டத்தில் உள்ள கடையை விற்க ஒருவர் நோட்டோடு வரலாம். தாளைப் படியுங்கள். முதலில் எந்த அளவில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எழுதிய பணம் மொத்த வரவா, கைக்கு வந்த லாபமா என்று கேளுங்கள். பெருமையாகச் சொல்லும் பெயர் அந்தச் சரக்குக்கு எத்தனையாவது தலைமுறை உறவு என்று எண்ணிப் பாருங்கள். நான்கு குட்டியில் ஒன்றின் பெயர் மட்டும் இருந்தால் மற்ற மூன்றும் எங்கே என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நேர்மையான வியாபாரி கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த நோட்டையும் எடுத்து வைப்பார்.